நான் மொண்டு கொடுத்த பாட்டில்

பையை மேல வைக்கச் சொல்லாதீய அண்ணாச்சி, மடியிலயே இருக்கட்டும். உள்ள பவுன் ஒண்ணும் இல்ல, பேப்பர்தான். ஆனா பவுனத் தொலச்சா திரும்ப வாங்கிரலாம், இந்தப் பேப்பரத் தொலச்சா நான் அவ்வளவுதான். கண்ணு அசந்தா எவன் எடுப்பான்னு தெரியாது. ஒங்களச் சொல்லல. பொதுவாச் சொல்லுதேன்.

தென்காசிக்கா? நானும் அங்கதான். கலெக்டர் ஆபீஸு. இன்னைக்குத் திங்கக்கிழமைல்லா, மனு வாங்குவாவ. ஒங்களுக்கு அங்க என்ன சோலி? பென்சன் விசயமா? வாத்தியாரா இருந்தியளா! அதான பாத்தேன், கண்ணாடியும், சட்டப் பையில ரெண்டு பேனாவும். அப்பம் தண்ணி சம்பந்தப்பட்ட ஆபீஸ் எதுலயும் நீங்க இல்ல. சொந்தக்காரவ யாரும்? லேப்புல? ரிசார்ட்டு நடத்துதவங்க யாரும் பழக்கம்? இல்லைல்லா? சரி, அப்பம் கொஞ்சம் ஜன்னல் பக்கமாத் தள்ளி உக்காருங்க. மெதுவாத்தான் சொல்லுவேன். முன்னால பச்சச் சட்ட போட்டிருக்கான் பாருங்க, அவன் ரெண்டு தடவ திரும்பிப் பாத்துட்டான்.

என் பேரு பிரமநாயகம். ஊரு பூவன்பாறை. மஞ்சணத்தி ஓடைன்னு கேள்விப்பட்டிருப்பீய. பெரிய அருவியில கூட்டம் தாங்கலைன்னா ஆட்டோக்காரன் அங்கதான் கூட்டிட்டு வருவான். சின்ன ஓடைதான். பாறையில இருந்து ஆளு ஒசரத்துக்கு விழும், கீழ தண்ணி நிக்குத பள்ளமா மூணு கசம். மொதல்ல முழங்காலுக்கு, ரெண்டாவது நெஞ்சுக்கு, மூணாவது ஆளு முங்கும். பத்தொம்பது வருசமா அங்கன காவலு நான்தான். பஞ்சாயத்து வச்ச ஆளு. விசிலு, கயிறு, டியூபு. பன்னெண்டு பேரத் தண்ணிக்குள்ள இருந்து இழுத்துப் போட்டிருக்கேன். பதினோரு பேரு உசுரோட.

அந்த ஓடைக்குத்தான் அண்ணாச்சி கெட்ட பேரு கட்டிவிட்டாவ.

போன சாரல் சீசனுக்கு மதுரைப் பக்கம் இருந்து ஒரு குடும்பம் வந்து குளிச்சுட்டுப் போச்சு. ஊருக்குப் போய் மூணு புள்ளைகளுக்கும் காய்ச்சலு, வயித்தால போச்சாம். வழியில என்னத்தத் தின்னாவளோ! அந்த ஆளு செல்லுல எழுதிப் போட்டுட்டான், மஞ்சணத்தி ஓடையில குளிக்காதீங்கன்னு. அது நாலு பக்கமும் பரவி, எங்க பிரெசிடெண்டம்மா பயந்து போச்சு. ஒரு காலேஜுல போய்ச் சொல்லி, வாரா வாரம் தண்ணியெடுத்துப் பாக்கதுக்கு ஆளு ஏற்பாடு பண்ணிட்டாவ. அப்படி வந்ததுதான் தமயந்தி.

சின்னப் புள்ள. இருவத்தஞ்சு இருக்கும். ஸ்கூட்டியில வருவா. ஒரு ஐஸ் பெட்டி, உள்ள மூடி போட்ட பாட்டிலு, ஒரு நோட்டு. கைக்கு ஒறை மாட்டிக்கிட்டு ரெண்டாவது கசத்துல எறங்குவா. முழங்கை ஆழத்துக்குக் கைய விட்டு, பாட்டில் வாய ஓட்டத்துக்கு எதிர்த்தாப்ல வச்சு, தண்ணிக்குள்ளயே புடிச்சு மூடிருவா. நான் மொத நாளே கவனிச்சுட்டேன். பாட்டிலக் கழுவல.

"ஏம்மா, பாத்திரத்தக் கழுவிட்டுல்லா தண்ணி புடிக்கணும்?"ன்னு கேட்டேன்.

"கழுவக் கூடாதுண்ணே. லேப்புல அவிச்சு எடுத்துட்டு வந்திருக்கேன். இத விடச் சுத்தம் கெடையாது."

"சரி, ஐஸ் எதுக்கு?"

"போற வழியில கிருமி பெருகிரும்ணே. பெருகிட்டா நம்பர் தப்பா வந்திரும்."

"பெருகிருமா? அப்பம் வேணும்னா பெருக வைக்கவும் முடியும்லா?"

சிரிச்சா அண்ணாச்சி. அன்னைக்கே என் மனசுல விழுந்துட்டு.

அதோட ஒரு பலகை கொண்டாந்து மாட்டுனாவ. ஒரு பக்கம் பச்ச, குளிக்கலாம். மறுபக்கம் செவப்பு, குளிக்க வேண்டாம். நூறு மில்லித் தண்ணியில கிருமி ஐநூறுக்குக் கீழன்னா பச்ச, மேலன்னா செவப்பு. அதத் திருப்பி மாட்டுத வேல எனக்கு. பத்தொம்பது வருசம் தண்ணியப் பாத்தே, கலங்கல் எது, காட்டு வெள்ளம் எதுன்னு சொன்னவன் நான். இனிமே ஒரு ஸ்கூட்டி வந்து சொல்லணுமாம்.

மொத வாரம் எரநூத்தி இருவதுன்னு வந்துது. பச்ச. அடுத்த வாரம் ஆயிரத்தி நூறு! செவப்பு. ஏன்னு நெனைக்கீய? திங்கக்கிழமை வந்து எடுக்கா. ஞாயித்துக்கிழமை முச்சூடும் ஆயிரம் பேரு குளிச்சுட்டுப் போயிருக்கான், புள்ளைகள அங்கனயே கழுவி விட்டிருக்கான், மேல மழையும் பேஞ்சிருக்கு. அதுக்கு மறுநாளு எடுத்தா? "வேற நாளு எடுக்கப்பிடாதா?"ன்னு கேட்டா, "மோசமான நாளத்தாண்ணே பாக்கணும்"ங்கா. பாத்தீயளா, மோசமாக் காட்டணும்னே வாரா.

செவப்பு மாட்டுன நாள்ல கார்காரன் எல்லாம் என்னைத்தான் ஏசுவான். ஏசிட்டு எங்க போவான்? அங்கதான் விசயமே இருக்கு. எங்க ஓடைக்குத் தெக்க, ரோட்டு மேலயே ஒரு ரிசார்ட்டு. பேரு வேண்டாம், இந்த பஸ்ஸுலயே அவன் ஆளு இருப்பான். உள்ள நீச்சல் குளம் கட்டி, நீலமாத் தண்ணி நிக்கும். ஓடையில செவப்புன்னா வண்டியெல்லாம் நேரா அங்க திரும்பும். இப்பம் வெளங்குதா? எனக்கும் அப்படித்தான் வெளங்குச்சு.

சாட்சி இல்லாமப் பேசக் கூடாதுன்னு நான் தமயந்தி பின்னாலயே போனேன். சைக்கிள்லதான். எங்க போறா? ரிசார்ட்டுக்குள்ள! கால் மணி நேரம் கழிச்சு வெளிய வாரா. மறு வாரமும் அதே மாதிரி. மூணாவது வாரம் வாசல்ல நின்னு மறிச்சுட்டேன்.

"என்னம்மா, வாரா வாரம் இங்க என்ன சோலி?"

அந்தப் புள்ளைக்கு மூஞ்சி செவந்து போச்சு. "அண்ணே, நான் காலையில ஆறு மணிக்குக் கெளம்புதேன். ஓடையில பொம்பளைங்க போறதுக்கு ஒரு கக்கூஸ் இருக்காண்ணே? நீங்களே சொல்லுங்க."

கக்கூஸ் கட்டணும்னு பேசி ஏழு வருசம் ஆச்சு. இருந்தாலும் அவ ரிசார்ட்டுக்குப் போறதத் தடுக்கணும்லா? "எங்க வீட்ல இருக்கு. ஓடையில இருந்து கூப்பிடு தூரம். இனிமே அங்க போ"ன்னு சொல்லிட்டேன். கண்ணு முன்னால இருந்தா கவனிச்சுக்கிடலாம் பாருங்க.

அதுதான் நான் செஞ்ச தப்பு.

எங்க வீட்ல அவ பேரு குழல்வாய்மொழி. மொழின்னு கூப்பிடுவேன். அவளும் அந்தப் புள்ளையும் ஒரு மாசத்துல அக்கா தங்கச்சி மாதிரி ஆயிட்டாளுவ. இட்லி என்ன, காப்பி என்ன! ஒரு நாளு நான் வீட்டுக்கு வாரேன், தமயந்தி எங்க கெணத்தடியில நின்னு அங்கயும் இங்கயும் பாக்கா. "அண்ணே, இந்தக் கக்கூஸ் குழிக்கும் கெணத்துக்கும் எத்தன அடி இருக்கும்?"னு கேக்கா.

எனக்குச் சந்தேகம் தட்டுச்சு. ஏன்னு சொல்லுதேன். பக்கத்து வீட்டுக்காரன் பூதத்தான்னு ஒருத்தன். வருசத்துக்கு ஒரு சாண் வேலியத் தள்ளித் தள்ளிப் போடுவான். கேட்டா, மழைக்குச் சாஞ்சுட்டும்பான். போன வருசம் சித்திரையில நான் ஒரு வேல செஞ்சேன். வேலி ஓரத்துல, சரியா எல்லையில, கக்கூஸ் குழியத் தோண்டிட்டேன். நானே தோண்டி, ஒம்பது சிமெண்டு உறை எறக்குனேன். கக்கூஸ் குழி மேல எவன் வேலி போடுவான்? அன்னையோட அவன் வாலச் சுருட்டிக்கிட்டான். குழியும் என்ன குழிங்கீய! அடியில சிமெண்டு போடல. தண்ணி தானா எறங்கிரும். ரெண்டு வருசம் ஆகப் போகுது, ஒரு தடவகூட நெறஞ்சதில்ல. ஊருல எல்லாவனும் லாரி கூப்பிடுதான், எனக்கு அந்தச் செலவே இல்ல.

அந்த எல்லையப் போய் இவ அளக்கான்னா? பூதத்தான் சொல்லித்தான் இவ வந்திருக்கான்னு நெனச்சேன். "ஒனக்கு ஓடைத் தண்ணிதான வேல? வீட்ல எதுக்கு அளவு?"ன்னு சத்தம் போட்டேன். ஸ்கூட்டிய எடுத்துட்டுப் போயிட்டா. மொழிதான் சும்மா இருக்கல.

"அவ ஒங்க எல்லைய அளக்க வரல. புள்ளைக்குச் சொகமில்லாம இருக்கேன்னு கேட்டா. நம்ம கெணத்துத் தண்ணியையும் ஒரு பாட்டில் எடுத்துப் பாக்கட்டுமாங்கா."

"எங்கப்பா வெட்டுன கெணறுளா அது. எளநி மாதிரித் தண்ணி. அதப் போய்ச் சந்தேகப்படணுமா?"

"பாத்தா என்ன கொறஞ்சு போகும்?"

"பாத்துட்டுச் செவப்புப் பலகை மாட்டுவா. மாட்டுன ஒடனே பூதத்தான் நாலு பேரக் கூட்டிட்டு வந்து குழிய மூடும்பான். மூடுனா வேலி உள்ள வரும். ஒனக்கு என்ன தெரியும்?"

புள்ள விசயத்தச் சொல்லலைல்லா. எங்களுக்கு ஒரே மக, நாச்சியார். கல்யாணம் ஆகி ஒம்பது வருசம் கழிச்சுப் பொறந்தவ. ஒண்ணாங் கிளாஸ். நல்லா ஓடியாடிக்கிட்டு இருந்த புள்ள, ஒண்ணு ஒண்ணரை வருசமா மாசத்துக்கு ஒரு தடவ வயித்தப் புடிச்சுக்கிட்டுப் படுத்திரும். பத்து நாளு நல்லா இருக்கும், திரும்ப வயித்தால போகும். கையெல்லாம் குச்சி மாதிரி ஆயிட்டு. நான் சும்மா இருந்தேன்னு நெனைக்காதீய. பள்ளிக்கூடத்துச் சத்துணவுதான்னு மொதல்ல கண்டுபுடிச்சேன். போய்ச் சண்ட போட்டேன். அந்தச் சமையல் அம்மா அழுதுட்டு, "அந்தச் சோத்த எம்பது புள்ள திங்கு, ஒங்க புள்ளைக்கு மட்டும் ஏன் இப்படி?"ன்னு கேட்டா. அதுவும் ஞாயந்தான். அப்பம் பூதத்தான் வீட்ல இருந்து வந்த மாங்கா. பெறவு கண்ணேறு. ஒவ்வொண்ணா யோசிச்சுப் பாத்தாச்சு.

ஆவணி கடசியில ஒரு திங்கக்கிழமை. நல்ல மழ. தமயந்தி பாறையில வழுக்கிக் கால மடக்கிக்கிட்டா. கணுக்கால் வீங்கிட்டு. எறங்க முடியல. என்னப் பாத்து, "அண்ணே, நீங்க எடுத்துத் தாரீயளா? நான் எடுக்கதப் பாத்திருக்கீயள்லா, அதே மாதிரி எடுங்க. ஒங்கள நம்பித் தாரேன்"ன்னு பாட்டில நீட்டுனா.

எனக்கு அந்த நேரத்துல ஒரு யோசன மின்னுச்சு அண்ணாச்சி. இவ லேப்பு நெசமாவே தண்ணியப் பாக்கா, இல்ல ரிசார்ட்டுக்காரன் சொன்ன நம்பர எழுதுதான்னு கண்டுபுடிக்க இதுதான் சமயம். அவ பாறைக்கு இந்தப் பக்கம் உக்காந்திருக்கா, அந்தப் பக்கம் எறங்குனா எங்க வீட்டுத் தோப்பு. பாட்டிலத் துண்டுல சுத்திக்கிட்டு நேரா எங்க கெணத்துக்குப் போனேன். ஊருலயே சுத்தமான தண்ணிய ஓடைத் தண்ணின்னு சொல்லிக் குடுக்கணும். லேப்பு நெசமாப் பாத்தா, 'ஒண்ணும் இல்ல, சுத்தம்'னு வரணும். பொய்யா எழுதுனா ஏதாவது பெருசா வரும், மாட்டிக்கிடுவா.

என் பக்கம் ஒரு குத்தம் சொல்லிரக் கூடாதுன்னு கைய ரெண்டு தடவ சோப்புப் போட்டுக் கழுவுனேன். வாளியக் கழுவிக் கவுத்து வச்சு, பெறவு எறச்சேன். பாட்டில் வாயில விரல் படல. அவளே அவ்வளவு சுத்தமா எடுத்திருக்க மாட்டா. கொண்டு போய்க் குடுத்தேன். "ரொம்பத் தாங்க்ஸ்ணே"ன்னு ஐஸ் பெட்டியில வச்சுக்கிட்டா.

வியாழக்கிழமை ரிப்போர்ட்டு வந்துட்டு. எவ்வளவுங்கீய? ஆயிரத்து அறுநூறுக்கு மேல! மேலன்னா, அவங்க எண்ணுத முறையில அதுக்கு அங்கிட்டு எண்ணவே முடியாதாம். சாரல் ஆரம்பிச்சதுல இருந்து ஓடையில அவ்வளவு வந்ததே இல்ல. பிரெசிடெண்டம்மா போன் போட்டு, செவப்பு மாட்டச் சொன்னாவ. நான் சிரிச்சுக்கிட்டே மாட்டுனேன். ரெண்டு நாளு ஓடைக்கு ஒருத்தனும் வரல. வரட்டும், பஞ்சாயத்துக் கூட்டம் வரட்டும்னு காத்திருந்தேன்.

அந்த வாரக் கடசியில பஞ்சாயத்து ஆபீஸ்ல கூட்டம் போட்டாவ. ஓடைய இந்தச் சீசனுக்கு மூடிரலாமான்னு பேச்சு. ஊரே வந்திருந்துச்சு. தமயந்தியும் காலு கட்டோட வந்து, ரிப்போர்ட்டப் படிச்சா. படிச்சு முடிக்கட்டும்னு இருந்து, நான் எந்திரிச்சேன்.

"பிரெசிடெண்டம்மா, இந்தப் புள்ள படிச்சது மஞ்சணத்தி ஓடைத் தண்ணி இல்ல. என் வீட்டுக் கெணத்துத் தண்ணி! நான்தான் மொண்டு குடுத்தேன். எங்கப்பா வெட்டுன கெணத்துல ஆயிரத்து அறுநூறாம்! இப்பம் தெரியுதா இவங்க லேப்பு லச்சணம்?"

அண்ணாச்சி, ஊரே அவளையும் என்னயும் மாறி மாறிப் பாக்கு. கையும் களவுமா மாட்டுனா அப்படித்தான இருக்கும்? நான் அப்படித்தான் நெனச்சேன்.

தமயந்தி என்னயத் திட்டுவான்னு பாத்தேன். ஏண்ணே ஏமாத்துனீயன்னு கேப்பான்னு பாத்தேன். அவ கேக்கல. பேப்பரக் கீழ வச்சுட்டு மெதுவா எந்திரிச்சு வந்தா.

"அண்ணே, அந்தத் தண்ணியத்தான் வீட்ல குடிக்கீயளா?"

"பின்ன என்ன? தெனமும் குடிக்கோம். எனக்கு என்ன ஆச்சு? கல்லு மாதிரி நிக்கேன்லா?"

"நாச்சியாருமா?"

நான் வாயத் தொறக்கதுக்குள்ள அவளே சொல்லுதா: "குளிக்கத் தண்ணிக்குத்தாண்ணே ஐநூறு வரைக்கும். குடிக்கத் தண்ணியில ஒண்ணுகூட இருக்கக் கூடாது."

பின்னால பொம்பளைங்க வரிசையில மொழி நின்னா. நான் அவளப் பாக்கேன். அவ என்னப் பாக்கல. புள்ளையத் தூக்கி இடுப்புல வச்சா. ஆறு வயசுப் புள்ளைய யாராவது இடுப்புல தூக்குவாவளா? தூக்குனா. அப்படியே எறங்கிப் போயிட்டா. சாயங்காலம் நான் வீட்டுக்குப் போனா, ரெண்டு பேரும் சுரண்டைக்குப் போயிட்டாவ. அவ அம்மா வீடு அங்கதான். எனக்கு அப்பம்தான் வெளங்குச்சு, இது எல்லாம் முன்னாலயே பேசி வச்சதுன்னு. இல்லைன்னா, கூட்டத்துல ஒரு வார்த்த கேட்ட ஒடனே ஒரு பொம்பள பொட்டி கட்டுவாளா?

மறுநாளு பஞ்சாயத்துல இருந்து என்ன நிறுத்திட்டாவ. ஓடைச் சாம்பிள மாத்துனவன் ஓடைக்குக் காவல் இருக்கக் கூடாதாம். இப்பம் வேற எவனோ என் விசில ஊதுதான். நீச்சல் தெரியுமா அவனுக்குன்னு யாரும் கேக்கல.

ரெண்டு மாசம் ஆச்சு. மொழி போன்ல ஒண்ணுதான் சொல்லுவா: "குழிய மூடிட்டுக் கூப்பிடுங்க." வேற பேச்சே கெடையாது. புள்ள அங்க போயி நல்லாத் தேறிட்டாம். கன்னம் வச்சிருக்காம். அங்கயே பள்ளிக்கூடத்துல சேத்துட்டாளாம். ஒரு தடவகூட வயித்தால போகலையாம். எனக்கு அதுலயும் ஒரு இது. மொழியோட அம்மா என்ன குடுத்து மயக்குதாவளோ, புள்ள திரும்ப வராம இருக்கதுக்கு.

அதான் மனு. மூணு பக்கம் எழுதியிருக்கேன். எனக்குத் திரும்ப வேல வேணும், அந்த லேப்ப விசாரிக்கணும், ரிசார்ட்டுக்காரன் போன் பேசுன விவரம் எடுக்கணும். வெறும் மனுவ நம்ப மாட்டாவன்னு இன்னொரு வேலையும் செஞ்சிருக்கேன். இதக் கேளுங்க. பத்து நாளைக்கு முன்னால திருநெல்வேலியில ஒரு லேப்புக்குப் போய் ரெண்டு பாட்டில் வாங்கிட்டு வந்தேன். மறுநாளு ஒண்ணுல ஓடைத் தண்ணி, ஒண்ணுல கெணத்துத் தண்ணி. ஐஸ் பெட்டியில வச்சு, மொத பஸ்ஸுலயே கொண்டு போய்க் குடுத்தேன். அங்க என்ன யாருக்கும் தெரியாது. பேரு கேட்டாவ. பூதத்தான்னு சொல்லிட்டேன். என் பேரச் சொன்னா விசயம் வெளிய போயிரும்லா?

இந்தா, இதுதான் கவரு. சனிக்கிழமை போய் வாங்குனேன். ஒட்டுனது ஒட்டுனபடி இருக்கு பாருங்க. நான் பிரிக்கல. கலெக்டர் முன்னாலதான் பிரிக்கணும். முன்னாலயே பிரிச்சா, இவனே மாத்திட்டான்னு சொல்லுவாவ.

என்ன கேட்டீய?

இதுலயும் அப்படியே வந்திருந்தாலா?

வராது. எப்படி வரும்? இந்த லேப்புக்கும் அந்த ரிசார்ட்டுக்கும் என்ன சம்பந்தம்? ... இல்ல, நீங்க கேக்கதும் ஞாயந்தான். கலெக்டர் முன்னால பிரிச்சு, ஏதாவது எழுத்துப் பிசகு இருந்து, நம்ம மூஞ்சி போயிரக் கூடாதுல்லா. வாத்தியார் வாத்தியார்தான். சரி, நீங்களே பிரிங்க. சாட்சியா இருக்கட்டும். எனக்குப் பொடி எழுத்துத் தெரியாது. மெதுவாக் கிழிங்க.

ஓடை எவ்வளவு? நூத்தி எழுவதா! பாத்தீயளா! பாத்தீயளா அண்ணாச்சி! நூத்தி எழுவது! என் ஓடை! இதத்தான நான் தலையால அடிச்சுக்கிட்டேன். கூட்டம் இல்லாத நாள்ல, மழ இல்லாத நாள்ல, அது தங்கம். சரி, அடுத்தது? அடுத்த பேப்பரு.

என்ன?

திரும்பப் படிங்க.

பேரு சரியா இருக்கா? பூதத்தான்னு போட்டிருக்கா? பாட்டில் மாறியிருக்குமோ? கெணறுன்னு நான்தான் அதுல எழுதுனேன், என் கையெழுத்துதான். ஆயிரத்து அறுநூறுக்கு மேலன்னா போட்டிருக்கு? நல்லாப் பாருங்க, முன்னால புள்ளி கிள்ளி...

ரிசார்ட்டுக்காரன் கை திருநெல்வேலி வரைக்கும் நீளுமா அண்ணாச்சி? நீளும். பணம் இருந்தா நீளும். ஆனா பூதத்தான் பேருல குடுத்தது என்னோடதுன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?

நீளாது. இல்லையா?

கொஞ்சம் ஜன்னலத் தொறங்க. காத்து வரட்டும்.

ஒண்ணு சொல்லட்டுமா? புள்ளைக்கு வயித்தால போற அன்னைக்கெல்லாம் நர்ஸம்மா ஒண்ணுதான் சொல்லும், தண்ணி நெறையக் குடுங்க, தண்ணி வத்திரக் கூடாதுன்னு. மொழி அடுப்படியில நிப்பா. நான்தான் குடுப்பேன். பானத் தண்ணி ஆகாதுன்னு, அப்பமே கெணத்துல எறச்சு, குளுகுளுன்னு சொம்போட கொண்டு போய், மடியில தல வச்சு, கொஞ்சம் கொஞ்சமாக் குடுப்பேன். வேண்டாம்ப்பான்னு தலைய ஆட்டும். ஒரு மடக்கு, அப்பாவுக்காக ஒரு மடக்குன்னு கெஞ்சிக் கெஞ்சிக் குடுப்பேன். எத்தன சொம்பு குடுத்திருப்பேன்! என் கையால.

இல்ல, நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். எனக்குத் தண்ணியும் வேண்டாம், நீங்களே வச்சுக்கிடுங்க.

கண்டக்டர்! இந்த பஸ்ஸு தென்காசி தாண்டி எங்க போகுது? சுரண்டை வழியா? அப்பம் எனக்குச் சுரண்டைக்கு ஒரு டிக்கெட்டுப் போடுங்க. ஆமா, தென்காசிக்கு எடுத்தேன்தான். எறங்கல. எதுக்கா? ஒங்களுக்கு எதுக்கு அது?

மனுவா அண்ணாச்சி? அதுல அந்தத் தமயந்திப் புள்ள பேர மூணு எடத்துல எழுதி வச்சிருக்கேன். அடிச்சுட்டுக் குடுத்தா அசிங்கமா இருக்கும். புதுசா எழுதணும். எழுதுததா வேண்டாமான்னு பெறவு பாப்போம். ஒரு நிமிசம் அண்ணாச்சி, ஒரு போன் போட்டுக்கிடுதேன்.

ஹலோ. நாந்தான். இல்ல, சண்ட போடக் கூப்பிடல. பஸ்ஸுல இருக்கேன். அங்கதான் வாரேன். கேளு, நான் சொல்லுததக் கேளு. குழிய மூடிருதேன். ஆமா. நாளைக்கே. பூதத்தான் வேலிய எங்கயும் போட்டுக்கிடட்டும். இல்லளா, யாரும் சொல்லிக் குடுக்கல. கெணத்த என்ன செய்யணும்னு அந்தப் புள்ளகிட்டயே கேட்டு வையி. நான் கேட்டா நல்லா இருக்காது. அவ என்னத் திட்டுனா திட்டட்டும்.

நாச்சியார் எங்க? பள்ளிக்கூடம் விட எத்தன மணி ஆகும்? அப்பம் நான் நேரா அங்க வந்திருதேன், நீயும் வா. மொழி, ஒண்ணு. நான் வாரேன்னு புள்ளகிட்டச் சொல்லாத. சொல்லி வச்சு ஓடி வந்தான்னா, அது நீ சொல்லி வந்ததாயிரும். வாசல்ல நான் பாட்டுக்கு நிக்கேன். என்னப் பாத்ததும் அப்பான்னு வாராளா, இல்ல ஒன் சேலைக்குப் பின்னால போய் நிக்காளான்னு நானே பாத்துக்கிடுதேன்.